வாஷர் கணக்கு

சனிக்கிழமை மதுரையிலிருந்து இருபத்திரண்டு பேர் வருகிறார்கள்.
பழைய ஸ்பிரிங் போதாதாம்.
குண்டு முதுகில் பட்டும் பட்டது தெரியவில்லையாம்.
"கெட்டியானதா போடு" என்று
பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு
லாரிக்குப் பூண்டு ஏற்றப் போய்விட்டான் இருதயராஜ்.

ஸ்பிரிங் மாற்றுவது பத்து நிமிஷம்.
அதை இழுக்கிற பற்களை
ஒன்றுக்கொன்று நேராக நிறுத்துவதில்தான்
ராத்திரி போகும்.

பள்ளங்கியில் இந்த மார்கழிக்குக்
கிரீஸ்கூட உறைகிறது.
டப்பாவைத் தொடையிடுக்கில் வைத்து
இளக்கிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு பாதி ஓடு, உள்ளே மூன்று சக்கரம்.
ஒவ்வொன்றுக்கும் மேலும் கீழும்
சட்டைப் பொத்தானைவிடச் சிறிய எஃகு வளையங்கள்:
புள்ளி ஒன்று, புள்ளி ஒன்று ஐந்து, புள்ளி மூன்று.
மில்லிமீட்டரில்.
தலைமுடி ஒன்றை உருவி அளந்து பார்த்தேன் ஒருமுறை,
வளையத்தைவிடச் சற்றே மெலிவு.

நடுச் சக்கரத்தில் தொடங்கினேன்.
கீழே ஒன்று போட்டால் ஓட்டில் உரசுகிறது.
இரண்டு போட்டால் உரசவில்லை.
மேலே மூன்று வைத்து மூடினால் சுற்றவில்லை,
ஒன்றை எடுத்தால் சுற்றுகிறது,
சுற்றும்போதே தள்ளாடுகிறது.
எட்டு ஸ்க்ரூ. திற. எட்டு ஸ்க்ரூ. மூடு.

"பெவல்லேருந்து ஆரம்பி.
மோட்டார் கடிக்கிற இடம் அதுதானே,
மத்ததெல்லாம் அதப் பாத்து நிக்கட்டும்"
என்றாள் அமலி, போர்வைக்குள்ளிருந்து.
எனக்குத் தெரியும் என்றேன்.

ரொம்ப இறுக்கினால் மோட்டார் சுட்டுச் சாகும்.
தளர விட்டால் பல்லின் நுனியைத்தான் பல் கடிக்கும்;
புது ஸ்பிரிங்கின் முதல் இழுப்பிலேயே
உதிர்ந்து கிரீஸில் மினுங்கும்.
போன மாதம் அப்படி உதிர்ந்தது ஏழு.
அமலி பொறுக்கிப்
பஞ்சாமிர்த டப்பாவில் போட்டு
என் காதருகே ஒருமுறை குலுக்கினாள்,
பிறகு அலமாரியில் வைத்துவிட்டாள்.

பதினொன்றரைக்கு பேட்டரியைக் கொடுத்து
விசையை அழுத்தினேன்.
ஙீஈஈ என்று ஒரு கூச்சல்,
பல் மருத்துவரிடம் கேட்கிற மாதிரி.
வெளியே முட்டைக்கோஸ் பாத்தியில்
மேய்ந்துகொண்டிருந்த காட்டுமாடு தலை தூக்கியது.
டார்ச் வெளிச்சத்தில் இரண்டு பச்சைக் கண்.
நானும் அதுவும் கொஞ்ச நேரம்
குற்றவாளிகள் போல் நின்றோம்.

அமலி தூங்கிவிட்டாளா என்று பார்த்துக்கொண்டேன்.
பெவலிலிருந்து ஆரம்பித்தேன்.

இரண்டு மணிக்கு எல்லாம் சரியாக வருகிற நேரத்தில்
இடுக்கியிலிருந்து தெறித்தது
கடைசிப் புள்ளி ஒன்று.
மோட்டாரைக் கழற்றி
அதன் காந்தத்தால் தரையைத் துழாவினேன்.
அரத்தூள் வந்தது,
போன தீபாவளிக்குத் தொலைந்த அமலியின் கொண்டை ஊசி வந்தது,
வளையம் வரவில்லை.

மாம்பழ ஜூஸ் டின்னைக் கிழித்தேன்.
அதன் தகடும் கிட்டத்தட்ட அதே கனம்.
நகவெட்டியால் வட்டம்,
சூடாக்கிய ஆணியால் துளை,
பிசிரை உப்புத்தாளில் தேய்த்து உள்ளே வைத்தேன்.
ஒரு பக்கம் இன்னும் மாம்பழத்தின் மஞ்சள்.
அலுமினியம் நாள்படத் தாங்காதுதான்.
சனி, ஞாயிறு தாங்கும்.

மூடிய பெட்டியில் விரலால் தள்ளினேன்.
மூன்றும் ஒன்றாகப் போய்
மூச்சு விடுகிற அளவு ஆடி நின்றன.
விசை.
தட், தட், தட்.
பிஸ்டன் மட்டும் பேசியது,
சக்கரங்கள் வாயே திறக்கவில்லை.

ஜன்னலைத் திறந்து வைத்து இன்னொரு முறை அழுத்தினேன்.
பத்தடி தூரத்தில்
கோஸின் நடுக்குருத்தைக் கடித்துக்கொண்டிருந்தது.
தலை தூக்கவில்லை.
காதுகூட ஆடவில்லை.
எத்தனையோ பேர் இந்தத் துப்பாக்கியைப் பாராட்டியிருக்கிறார்கள்,
இப்படி யாரும் பாராட்டியதில்லை.

விளக்கை அணைத்துப் படுத்தேன்.
போர்வைக்குள் காலை நீட்டினால்
கம்பளிக் காலுறையில் ஏதோ உறுத்துகிறது,
குதிகால் பக்கம்,
வட்டமாக, சில்லென்று.

அமலி திரும்பிப் படுக்கிறாள்.
"முடிஞ்சுதா?"

எட்டு ஸ்க்ரூ
என்று நினைத்துக்கொண்டு கிடக்கிறேன்.